கொழும்பில் மிருகக் காப்பகத்தில் உதவி செய்ய விருப்பம், போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வெள்ளவத்தை நிலா
ஞாயிறு, இரவு 8.15

வணக்கம். உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். பெறுபேறு வரும் வரைக்கும் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு மிருகக் காப்பகத்துக்குப் போய் உதவலாம் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் எனக்கு உயிர். ஆனால் நாங்கள் இருப்பது காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம், அடுக்குமாடியின் நான்காம் மாடி. நாய் பூனை கூடாது என்று சொல்லித்தான் வீட்டுத் திறப்பையே தந்தார்கள். கீழே பேக்கரி வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். அதற்கு மாரி பிஸ்கட் போடுவது மட்டும்தான் இப்போதைக்கு என்னால் முடிகிறது.

அம்மாவுக்குத்தான் பயம். அவருடைய ஊரில் ஒரு பெடியன் நாய்க்கடியால் இறந்ததைச் சின்ன வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவனுக்குத் தண்ணீரைக் காட்டவே முடியாமல் போனதை இப்பவும் சொல்வார். நான் போவதென்றால் அவரைச் சமாதானப்படுத்த வேண்டும்.

அங்கே என்ன வேலை தருவார்கள்? ஊசி ஏதும் போட்டுக்கொண்டு போக வேண்டுமா? என்னுடைய சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அது காணுமா?


மல்லிகைப்பந்தல்
ஞாயிறு, இரவு 9.50

நிலா, நான் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் போகிறேன். 138 பஸ், இறங்கிப் பிறகு ஒரு திரீவீல். எந்த இடம் என்று இங்கே போட மாட்டேன். விலாசம் தெரிந்தால் இரவோடு இரவாகக் கேட் வாசலில் பெட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். தனிச்செய்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.

நாய்க்குட்டிகளோடு விளையாடலாம் என்று வருகிறவர்கள் இரண்டாம் கிழமை வருவதில்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் உங்கள் கையில் தருவது ஒரு தும்புத்தடியும் ஒரு வாளியும். காலை ஏழு மணிக்குக் கூட்டைத் திறக்கும்போது இரவு முழுக்க அடைபட்டிருந்த மூத்திர வாடை கண்ணை எரிக்கும். முதலில் மலத்தை அள்ள வேண்டும். அள்ளும்போதே பார்க்கவும் வேண்டும். இளகியிருக்கிறதா, இரத்தம் கலந்திருக்கிறதா, புழு தெரிகிறதா, எந்தக் கூடு. அதைச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் எழுத வேண்டும். மிருக வைத்தியர் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

அப்புறம் சவர்க்காரத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவல். குளோரின் அதற்குப் பிறகுதான். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. வெளுக்கும் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு. ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு கழுவி, தரை காய்ந்த பிறகுதான் நாயை உள்ளே விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவசரப்படுவார்கள்.

நானும் ஒரு தடவை அவசரப்பட்டேன். முதல் வருடம். குட்டிகளின் கூடு ஒன்றைக் கழுவிவிட்டு, செருப்பை நனைக்காமல் அடுத்த கூட்டுக்குள் கால் வைத்தேன். முதல் கூட்டில் ஒரு குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் குடல் நோய் தொடங்கியிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் அடுத்த கூட்டில் ஆறில் ஐந்து குட்டிகள் வாந்தி. பார்வோ வந்த குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? குடல் அழுகிய மாதிரி ஒரு வாடை வரும், ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. முன்னங்கால் மயிரைக் கொஞ்சம் மழித்து, தென்னோலை ஈர்க்குத் தடிப்பில் இருக்கும் நரம்பைத் தேடிச் சேலைன் ஏற்ற வேண்டும். குட்டி காலை இழுக்காமல் இருக்க ஒருவர் இரவு முழுக்க மடியில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்த குட்டி விடியற்காலை நாலு மணிக்கு வாலின் நுனியை மட்டும் இரண்டு தடவை ஆட்டியது. அது பிழைத்தது, இன்னொன்றும் பிழைத்தது. மூன்று போய்விட்டன. அன்றிலிருந்து கூட்டுக்குக் கூடு செருப்பை மருந்துத் தண்ணீரில் தோய்க்காமல் நான் அடி எடுத்து வைப்பதில்லை. அந்தக் கிருமி நிலத்தில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும்.

கழுவி முடிய ஒன்பது மணியாகும். பிறகு சமையல். குறுணல் அரிசி, கோழிக் கழுத்து, பூசணிக்காய், கொஞ்சம் மஞ்சள். உப்பு போட மாட்டோம், வெங்காயம் கட்டாயம் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் இல்லாமல் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். பெற்றோல் இல்லாமல் மிருக வைத்தியர் வர முடியாத கிழமைகளில் அவர் போனில் பார்த்துப் பார்த்துச் சொல்ல நாங்கள் புண்ணுக்கு மருந்து கட்டினோம். அந்த வருடம் விடப்பட்ட நாய்களின் எண்ணிக்கையை நினைத்தால் இப்பவும் நெஞ்சு அடைக்கிறது. சாதி நாய்கள்கூட வீதியில் நின்றன.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருவதென்றால் ஒரே கிழமைநாள், ஒரே நேரம் வாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவை என்றாலும் சரி, அந்த நாளை மாற்றாதீர்கள். நாய்க்கு நாட்காட்டி தெரியாது என்று நினைக்கிறோம். ஆனால் சனிக்கிழமை காலை நான் திரீவீலால் இறங்கும்போது எந்தக் கூட்டில் யார் எழுந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.


ஊசிமருந்து
திங்கள், காலை 6.40

நான் பேராதனையில் படித்து வந்த மிருக வைத்தியர். மல்லிகை அக்கா சொன்னதில் வேலை விஷயம் எல்லாம் வந்துவிட்டது. அம்மாவின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்தப் பயம் நியாயமானது. 1973இல் இந்த நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டுத்தான் அந்தத் தொகை இன்று வருடத்துக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் நோய்க்குறி தெரிந்த பிறகு இன்றைக்கும் காப்பாற்ற முடிவதில்லை. எனவே முன்கூட்டியே செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு போங்கள்.

கடிபடும் முன்னரே போடும் ஊசி இருக்கிறது. நாய்களோடு வேலை செய்யும் எல்லோரும் போடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு பரிந்துரையில் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. உங்களுக்கு எத்தனை, எப்போது என்பதை டொக்டர் சொல்வார். அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் திரும்பப் போக வேண்டும், அதை மறக்கக் கூடாது. அப்போது ஊசிகள் குறையும், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபியூலின் என்ற எதிர்ப்பு மருந்து தேவைப்படாது. ஏற்புவலி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடித்தால், அல்லது நகமோ பல்லோ தோலைக் கீறினால், முதல் வேலை குழாயைத் திறப்பது. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். பிறகு நேரே அரச ஆஸ்பத்திரி, அங்கே ஊசி இலவசம். சின்னக் குட்டிதானே, பூனைதானே, கீறல்தானே என்று விட்டவர்களைத்தான் நாங்கள் இழந்திருக்கிறோம். கடித்த மிருகம் சில நாளில் செத்தால் தலையைப் பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதிப்பார்கள்.

இன்னொன்று, காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குக் கூடு கழுவ வேண்டாம். எலி ஓடும் இடத்தில் தேங்கிய தண்ணீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாய்கள் சண்டை பிடித்தால் கையை இடையில் கொடுக்காதீர்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு பலகையை இடையில் செருகுங்கள். புது நாய்க்கு முன்னால் போய்க் குனிந்து தலையில் கை வைக்க வேண்டாம். பக்கவாட்டில் குந்தி இருங்கள், கண்ணை நேரே பார்க்காதீர்கள், அது வந்து மணந்து பார்க்கட்டும். அரை மணித்தியாலம் எடுத்தாலும் விடுங்கள்.


வெள்ளவத்தை நிலா
திங்கள், மாலை 5.05

இரண்டு பேருக்கும் நன்றி. ஊசிமருந்து அண்ணா எழுதியதை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவ வேண்டும் என்ற இடத்தில் அவர் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அந்தப் பெடியனுக்கு மிளகாய்த்தூள்தான் அப்பினார்கள்" என்றார். ஊசி போட்ட பிறகு போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

மல்லிகை அக்கா, சிங்களம் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அங்கே வேலை செய்கிறவர்களோடு கதைக்கத் தெரியாமல் நின்று இடைஞ்சலாக இருப்பேனோ என்று யோசிக்கிறேன்.


மல்லிகைப்பந்தல்
திங்கள், இரவு 10.20

அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் விட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு வான் வந்தது. அதிலிருந்து ஒரு கடுவன் நாயை இறக்கினார்கள். பழுப்பும் வெள்ளையும், ஏழு வயது இருக்கும், நல்ல கழுத்துப் பட்டி, கூடவே தடுப்பூசி அட்டை, அதோடு ஒரு பை நிறையப் பிஸ்கட். வீட்டுக்காரர் அந்தக் கிழமையே குடும்பமாக வெளிநாடு போகிறார்களாம். கொண்டுவந்தவர் வான் சாரதி, அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

சாப்பிடவில்லை. கூட்டின் பின்சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. எங்கள் இடத்தில் கூடு பார்ப்பவர் தங்கமான மனிதர், நாய்களோடு இருபது வருடம் பழகியவர். அவர் "மெஹே எண்ட, மெஹே எண்ட" என்று, இங்கே வா என்று சிங்களத்தில் கூப்பிட்டுப் பார்த்தார். திரும்பவேயில்லை. தட்டைத் தட்டினால் காது ஆடுகிறது, கூப்பிட்டால் ஆடவில்லை. முழுச் செவிடு இல்லை, அரைச் செவிடாக இருக்கும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை நான் பக்கத்துக் கூட்டின் முன்னால் இருந்து இன்னொரு நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி போன் எடுத்தாள். "ஓம், சாப்பிட்டாச்சு, நீ சாப்பிட்டியா?" என்று சொன்னேன். எனக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அந்த நாய் எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு காதும் நேரே.

போனை வைத்துவிட்டு, "சாப்பிட்டியா ராசா?" என்றேன். உடம்பு முழுக்க ஆடத் தொடங்கிவிட்டது. "இரு" என்றேன், இருந்தது. "கை தா" என்றேன். கம்பிக்குள்ளால் முன்னங்காலை நீட்டியது. ஐந்து நாள் தொடாத தட்டை நான் பக்கத்தில் இருக்க நக்கி முடித்தது. இடையிடையே தலையைத் தூக்கி நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டது.

கூடு பார்ப்பவர் இதையெல்லாம் நின்று பார்த்தார். தன் கொப்பியைக் கொண்டுவந்து, அந்தச் சொற்களைச் சொல்லச் சொல்லிச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். வா. இரு. சாப்பிடு. கை தா. ராசா. அடுத்த நாளிலிருந்து அவரே கூப்பிட்டார். இப்போது அந்த நாய்க்கு இரண்டு மொழியும் விளங்கும். ஆனால் வான் ஏதாவது பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து கேட்டைப் பார்த்து நிற்கும்.

அதற்குப் பிறகு இப்படி நாலு நாய் வந்துவிட்டது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ் வீட்டு நாய்கள். சனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், இன்னும் வரும். நீங்கள் வந்து கூட்டுக்கு முன்னால் இருந்து தமிழில் கதைத்தாலே அங்கே அது ஒரு வேலை. மற்றவர்களோடு வேலை செய்யத் தேவையான சிங்களம் தும்புத்தடி பிடித்தபடியே வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.


ஸ்காபரோவிலிருந்து
செவ்வாய், அதிகாலை 4.30

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று தெரியவில்லை.

நாங்கள் 2019இல் வந்தோம். எங்களிடமும் ஒன்று இருந்தது, பெட்டை, ஒன்பது வயது. நான் சாதாரண தரம் படிக்கும்போது அப்பா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. விசா வந்தபின் ஆறு கிழமைதான் இருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி பார்ப்பதாகச் சொன்னார். முதல் மாதம் வட்சப்பில் படம் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு அவர்களும் வீடு மாறிவிட்டார்கள். மாறும்போது அது காணாமல் போய்விட்டதாக ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது. நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போகப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், விசாவுக்குப் போடும் நாளிலேயே நாய்க்கும் யோசியுங்கள். கனடாவுக்குச் சொந்த நாயைக் கொண்டுவரலாம். விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும், அங்கேயிருந்து கொண்டுபோகக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். செலவுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. முடியாது என்றால் வீடு தேட ஆறு மாதம் வையுங்கள். புது வீட்டுக்காரர் முதலில் உங்கள் வீட்டுக்கு நாலைந்து தடவை வந்து பழகட்டும். நாங்கள் அதற்கு நேரம் விடவில்லை.

மல்லிகை அக்கா, அந்த நாயின் சாப்பாட்டுச் செலவை மாதாமாதம் நான் அனுப்புகிறேன். எப்படி அனுப்புவது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். கரும்பலகையில் என் பெயர் ஒன்றும் வேண்டாம்.


ஜம்பட்டா வீதி
செவ்வாய், இரவு 7.55

நானும் மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் பதினொரு நாய் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மகளை டியூஷனால் கூட்டிக்கொண்டு வரும்போது கையில் தடியோடுதான் வருகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கெண்டைக்காலில் கடி. சனம் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு இருக்கிற காலத்தில் நாய்க்குக் கோழிக் கழுத்து சமைக்கிறோம் என்று கேட்கும்போது மனம் ஒப்பவில்லை. காப்பகம் என்றால் இந்தப் பதினொன்றையும் பிடித்துக்கொண்டு போகட்டுமே. அதற்குத்தானே காப்பகம்?


ஊசிமருந்து
செவ்வாய், இரவு 9.10

அண்ணா, மகளோடு தடி பிடித்து நடக்க வேண்டியிருப்பது சரியில்லை. அதை மாற்றத்தான் நாங்களும் பாடுபடுகிறோம்.

பிடித்து அகற்றுவது இங்கே நெடுங்காலம் நடந்த ஒன்று. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பிடித்துக் கொல்வதை 2006இல்தான் அரசாங்கம் நிறுத்தியது. அத்தனை வருடம் கொன்றும் நாய் குறையவில்லை. ஏனென்றால் ஒழுங்கையில் குப்பை இருக்கிறது, கடைக்காரர் போடும் மிச்சப் பாண் இருக்கிறது. பதினொன்றைத் தூக்கினால் அந்தச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீதியிலிருந்து வேறு நாய் வரும். வருகிற நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு உங்கள் மகளையும் தெரியாது.

2007இலிருந்து சில வருடங்கள் கொழும்பு மாநகர சபையும் புளூ பாவ் டிரஸ்ட் என்ற மிருக நல அமைப்பும் சேர்ந்து நகரத்து நாய்களுக்கு ஊசியும் கருத்தடையும் செய்தது இதற்காகத்தான். ஒரு இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் விசர் அங்கே பரவ முடியாமல் நின்றுவிடும். கருத்தடை செய்த பெட்டைக்குப் பின்னால் கடுவன்கள் கூட்டமாக வந்து சண்டை பிடிப்பதும் இல்லை. குட்டி போட்ட தாய் காலைக் கடிப்பதும் இல்லை. அந்தப் பிள்ளையைக் கடித்தது எது? பக்கத்தில் குட்டி இருந்ததா?


மல்லிகைப்பந்தல்
செவ்வாய், இரவு 9.45

ஜம்பட்டா வீதி அண்ணா, எங்கள் இடத்தில் அறுபது நாய்க்குத்தான் கூடு. போன சனிக்கிழமை எண்ணியபோது தொண்ணூற்று நாலு. இரண்டு நாய்க்குரிய இடத்தில் மூன்று, நாலு. இதற்கு மேல் வந்தால் நோய் வரும், சண்டை வரும், எல்லாமே சாகும். பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகும் குட்டிகளில் பாதிக்கு மேல் பெட்டை. கடுவன் என்றால் யாராவது எடுப்பார்கள். பெட்டையைக் கோயில் வாசலிலோ பௌத்த பன்சாலை மதிலுக்குப் பக்கத்திலோ விடுவார்கள், அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று. தாயிடமிருந்து ஐந்து கிழமையில் பிரித்த குட்டி அங்கே எத்தனை நாள் இருக்கும்? வைரவருக்கு வடைமாலை சாத்துகிற கைதான் அவருடைய வாகனத்தைப் பெட்டிக்குள் வைத்து விடுகிறது. எனக்கு இது தாங்கவில்லை.

சனம் பசியோடு இருப்பது உண்மை. நான் கிழமைநாளில் வேலை செய்வது ஒரு கிளினிக்கில், தாய்மாரின் பசியை அங்கே பார்க்கிறேன். இரண்டையும் பார்க்கிறேன் அண்ணா.


தெமட்டகொடை வாசி
புதன், காலை 11.30

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். காப்பகம் என்றால் நாய், நமக்குச் சரிவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இங்கே நாங்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து. கழுவிக்கொள்ளலாம், அவ்வளவுதான் விஷயம். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற ஹதீஸை மத்ரஸாவில் படித்துத்தானே வளர்ந்தோம். அதுவும் முடியாது என்றால் பூனைப் பகுதியில் ஆளே இல்லை. நான் அங்கேதான் போகிறேன்.

பூனைப் பகுதிக்கு வருகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பினாயில் வகைத் திரவங்களால் அங்கே தரை துடைக்கக் கூடாது. பூனை பாதத்தை நக்கும், அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. அதே காரணத்தால் காய்ச்சல் பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது, பாதிக் குளிசையும் கூடாது. அன்பில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு தூக்கிவந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பூனையின் பல்முரசு கோப்பி நிறமாகியிருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.


ஜம்பட்டா வீதி
புதன், இரவு 8.40

டொக்டர் தம்பி கேட்டதற்குப் பதில். ஓம், குட்டி இருந்தது. நீர்த்தாங்கிக்குக் கீழே ஐந்து குட்டி. பிள்ளை பந்து எடுக்கக் குனிந்திருக்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். பதினொன்றில் பெட்டை மூன்று, அதில் ஒன்றுதான் இந்தத் தாய்.

நீங்கள் சொல்லும் கருத்தடை எங்கள் ஒழுங்கைக்கும் வந்தது. ஒரு வாகனம் ஒலிபெருக்கியோடு வந்தது, சிங்களத்தில் அறிவித்தார்கள். பாதிச் சனத்துக்கு விளங்கவில்லை. நாய் பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், கொண்டுபோய்க் கொல்லப் போகிறார்கள் என்று நினைத்து எல்லோரும் நாய்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினோம். கடிக்கிற நாய் என்று நான் திட்டுகிற அந்தத் தாயையும் என் மனைவிதான் குசினிக்குள் ஒளித்து வைத்தாள். வாகனம் வெறுமனே திரும்பிப் போனது.


மல்லிகைப்பந்தல்
புதன், இரவு 8.58

அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்கிறேன். கருத்தடை முகாமுக்கு மருந்து இருக்கிறது, டொக்டர் இருக்கிறார். முதல் நாளே வீடு வீடாகப் போய், திண்ணையில் இருந்து, தமிழில் சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கே கொண்டுவந்து அதே இடத்தில் விடுவோம், காதில் சின்னதாக வெட்டு ஒன்று இருக்கும், அதைப் பார்த்தால் செய்த நாய் என்று தெரியும், பத்து நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் தருகிறார்கள். உங்கள் மனைவி ஒளித்த மாதிரி ஒளிக்கிறவர்கள்தான் முதலில் தருவார்கள்.

நிலா, சிங்களம் காணுமா என்று கேட்டீர்களே.


வெள்ளவத்தை நிலா
மூன்று கிழமை கழித்து, சனி, இரவு 7.20

ஊசி போட்டு, பூட்ஸ் வாங்கி, இன்றைக்கு முதல் தடவையாகப் போய்வந்தேன். அம்மா பஸ் தரிப்பிடம் வரை வந்து ஒரு சவர்க்காரக் கட்டியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

கை எல்லாம் குளோரின் மணம், எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. எட்டுக் கூடு கழுவினேன். ஏழாம் கூட்டில் இளகலாக இருந்தது, பலகையில் எழுதினேன். பத்து நிமிடத்தையும் எண்ணினேன். மத்தியானம் கூடு பார்க்கும் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டார். ராசாவின் கூடு. நான் ஒன்றும் கேட்கவில்லை, ஊர்க் கதைதான் கதைத்தேன். பேக்கரி நாயைப் பற்றிச் சொன்னேன், பரீட்சையில் இரசாயனவியல் கஷ்டமாக இருந்ததைச் சொன்னேன். கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிட்டது. நான் நிறுத்தினால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். திரும்பத் தொடங்கினால் மூடும். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது.

ஸ்காபரோ அக்காவோ அண்ணாவோ, நீங்கள் அனுப்பியதில் வாங்கிய கோழிக் கழுத்தைத்தான் இன்றைக்குச் சாப்பிட்டது. தட்டில் ஒன்றும் மிச்சம் இல்லை.


ஜம்பட்டா வீதி
சனி, இரவு 8.05

தங்கச்சி, ஒழுங்கைச் சனத்தோடு கதைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு முகாம் வருகிறதென்று டொக்டர் தம்பி சொன்னார். வேறு இரண்டு பெட்டையையும் தரச் சம்மதம். குட்டிகளுக்கு இப்போது ஏழு கிழமை, தாயைச் செய்யலாமாம். எதிர்வீட்டு ஆச்சி மட்டும் முடியாது என்கிறார். அவருக்கு நான் சொன்னால் ஏறாது. நீங்களும் மல்லிகை அக்காவும் சனிக்கிழமை பின்னேரம் வந்து ஒருக்கால் கதையுங்கள். தேநீர் எங்கள் வீட்டில்.


வெள்ளவத்தை நிலா
சனி, இரவு 8.20

காப்பகத்தால் நேரே வருகிறோம் அண்ணா, ஐந்து மணியாகும். மூன்று நாய்க்கும் சனி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சாப்பாடு போட வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், தண்ணீர் வைக்கலாம். மிச்சப் பாண் போடும் கடைக்காரரிடமும் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு வெற்றிலை பிடிக்குமா?


ஜம்பட்டா வீதி
சனி, இரவு 8.24

பிடிக்கும். பாக்கு மட்டும் சின்னதாகச் சீவிக் கொண்டுவாருங்கள், ஆச்சிக்குப் பல் இல்லை.